பலகைக்கு மேல் பலகை

1

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பன்னிரண்டு வருடம் முடிந்த நாளில் பாத்திரம் கழுவும் மெஷினின் குழாய் வெடித்தது. நாள் எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. என் மனைவி பர்வீனுக்கு இருந்தது. காலையிலேயே வட்டிலப்பம் அவித்து, பாத்திரங்களை மெஷினில் அடுக்கி அதைப் போட்டுவிட்டாள். தெரிந்த வீடுகளுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுத்துவிட்டு வரலாம் என்று இருவருமாக வெளியே போனோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தால், வரவேற்பறைக் கார்பெட் காலடியில் சேறு மாதிரிச் சளக்கென்றது.

டொரோண்டோவின் ஸ்காபரோவில் எங்களுடையது வரிசை வீடு. கீழே நிலக்கீழ் அறையில் எங்கள் ஒரே மகள் ஸஹ்லா இருக்கிறாள். இருபத்துநாலு வயது. கணினி வேலை, வீட்டிலிருந்தபடியே செய்கிறாள். தலைக்கு மேலே தண்ணீர் சொட்டத் தொடங்கியும் அவள் மேலே ஏறி வந்து பார்க்கவில்லை. என் கைப்பேசிக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் அறையில் மழை பெய்கிறது. தகவலுக்காக."

கார்பெட் காயவில்லை. நான்காம் நாள் நாறத் தொடங்கியது. கத்தியால் வெட்டிச் சுருட்டி எடுத்து வெளியே போட்டேன். அதற்குக் கீழே பஞ்சு, அதற்குக் கீழே பிளைவூட். பன்னிரண்டு வருடமாக எதன்மேல் நடந்து திரிந்தேன் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

இலங்கையில், மன்னார்த் தாராபுரத்தில் இருக்கிற என் தம்பி நிஸ்தாருக்கு வீடியோவில் காட்டினேன். மன்னார் டவுனில் சீமெந்தும் மாபிளும் விற்கிற கடை ஒன்றில் அவன் பதினைந்து வருடமாக நிற்கிறான். நிலம் போடும் விடயத்தில் எங்கள் குடும்பத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

"நிலம் எங்க, காக்கா?" என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"இதுதான்டா நிலம்."

"இது பலகை. நிலத்தைக் காட்டுங்கோ."

"நிலம் எண்டு ஒண்டும் இல்ல. இதுக்குக் கீழ ஸஹ்லாட அறை."

"அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் கட்டிலுக்கு மேல நடந்து திரிஞ்சிருக்கிறீங்கள்," என்றான். பிறகு, "இனி இதுக்கு மேல என்ன போடப் போறீங்கள்?" என்று கேட்டான்.

"பலகை."

"பலகைக்கு மேல பலகையா?"

"ஓம்."

"கனடாவுக்குப் போகமுந்தி நீங்கள் நல்லா இருந்தனீங்கள், காக்கா," என்றான் நிஸ்தார்.

2

பர்வீன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். நான் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில். சனிக்கிழமை இருவருக்கும் லீவு என்பதால் அன்று பலகைக் கடைக்குப் போனோம். பெரிய மண்டபம் போன்ற கடை. சுவர் நீளத்துக்குப் பலகைத் துண்டுகள் மாட்டியிருந்தன. நரைத்த தாடியும் மிகுந்த பொறுமையும் உள்ள ஒரு மனிதர் வந்து எங்களை வரவேற்றார். அவருடைய முதல் கேள்வியிலேயே நான் விழுந்தேன்.

"உங்கள் சப்ஃப்ளோர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குச் சப் போஸ்ட் ஒபீஸ் தெரியும், சப் இன்ஸ்பெக்டர் தெரியும். இது கீழ்மாடியாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, "அது என் மகள்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. "மேலே போடும் பலகைக்கு அடியில் இருக்கும் தளத்தைக் கேட்டேன். கொங்கிரீட்டா, பிளைவூட்டா?" என்றார். "பிளைவூட்" என்று பர்வீன் பதில் சொல்லிவிட்டு, பலகை மாட்டிய சுவர் வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

ஊரில் இருப்பவர்களுக்காக, அவர் எங்களுக்கு விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். முழு மரப் பலகை இந்த ஊருக்கு ஒத்துவராதாம். மாரிக் குளிருக்கு வீட்டுக்குள் ஓடும் சூட்டில் அது சுருங்கி இடைவெளி விடும், கோடையில் ஊதி முதுகைத் தூக்கும். ஆகவே பல தாள் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே மட்டும் ஒரு படை நல்ல ஓக் மரத்தை ஒட்டி விடுகிறார்கள். பார்வைக்கு முழு மரம்தான். உள்ளே தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அசையாது. பிளைவூட் தளத்தின்மேல் ஆணி அடித்தே பதித்துவிடலாம்.

நிறங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்கள் பெரிய பெயர்கள். ஒன்று பாலைவன மூடுபனி. இன்னொன்று வடக்கின் மௌனம். பர்வீன் அவற்றுக்குத் தன்பாட்டில் பெயர் வைத்துக்கொண்டு போனாள். பிளேன்டீ, பால்தேத்தண்ணி, பேரீச்சம்பழம், கருகின ரொட்டி. கடைக்காரர் மூடுபனியைக் காட்டினால் அவள் என்னிடம் திரும்பி, "பால்தேத்தண்ணிதான் நல்லம்," என்பாள். இந்தப் பேச்சுவார்த்தை அழகாக நடந்துகொண்டிருந்தது.

அடுத்ததாக அவர் தடிப்புக்கு வந்தார். மேலே இருக்கும் ஓக் படை இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிறது, மூன்றில் இருக்கிறது, நான்கில் இருக்கிறது. மெல்லியது கீறல் விழுந்தால் அவ்வளவுதான். தடித்ததை இரண்டு மூன்று தடவை உரசிப் புதுசாக்கலாம், ஓர் ஆயுள் வரும். "எதை எடுப்பது என்பது ஒரே ஒரு விடயத்தைப் பொறுத்தது," என்றார். "இந்த வீட்டில் இன்னும் எவ்வளவு காலம் இருப்பீர்கள்?"

"அஞ்சு வருசம்," என்றேன் நான்.

"மவுத்தாகும் வரைக்கும்," என்றாள் பர்வீன்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான் ஆங்கிலத்திலும் அவள் தமிழிலும் சொன்னபடியால் கடைக்காரருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் எங்கள் முகங்கள் மீதியைச் சொல்லியிருக்க வேண்டும். "நான் உங்களுக்குக் கோப்பி கொண்டுவருகிறேன்," என்று சொல்லிப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

3

வீட்டுக்கு வந்து பிளைவூட்டின்மேல் கதிரையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் பர்வீன் வாய் திறந்தாள்.

"போறதா இருந்தா மெல்லிசாப் போடுவம். இருக்கிறதா இருந்தா தடிப்பாப் போடுவம். எது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. கலர நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் கேட்டது பலகையைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். தாராபுரத்தில் வாப்பா எனக்கென்று எழுதித் தந்த காணித் துண்டு ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் லீவில் போனபோது, ஊருக்குத் திரும்பி வந்து இருப்பதற்கென்று அதில் வீடு கட்டத் தொடங்கினேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியது. லீவு முடிந்தது. சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்திலேயே நிற்கிறது. மன்னாரின் கழுதைகள் வெயில் ஏறியதும் அந்தச் சுவரின் நிழலுக்கு வந்துவிடும். ஒருமுறை நிஸ்தார் வீடியோவில் காட்டியபோது, என் வரவேற்பறையாக வரவேண்டிய இடத்தில் நான்கு கழுதைகள் நின்றன. ஸஹ்லாவும் பக்கத்தில் இருந்தாள். வளர்க்கும் கழுதைகளா என்று கேட்க நினைத்தவள், தன்னிடம் இருந்த தமிழில், "சாச்சா, இவங்க உங்கட சொந்தக்காரங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"இல்ல மகள். பக்கத்து வீட்டாக்கள்," என்றான் நிஸ்தார், கொஞ்சமும் அசையாமல்.

நிஸ்தாருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். தன்னுடைய வீட்டை அவன் மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அதில் இருக்கிறான். இளையவள் ஹஸ்னாவுக்கு முசலிப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. வீடு இல்லை. ஒரு வருடத்துக்கு முன் என்னிடம் ஜாடையாகக் கேட்டான்: "காக்கா, அந்தச் சுவர் மழைக்குக் கரையுது. என்ன செய்வம்?"

"பாப்பம்," என்றேன்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டான். அப்போதும் "பாப்பம்" என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. பர்வீன்தான் கேட்டாள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். "நீங்கள் போகவும் மாட்டீங்கள், அந்தப் பிள்ளைக்குக் குடுக்கவும் மாட்டீங்கள். கழுதைக்குத்தான் குடுத்திருக்கிறீங்கள்," என்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். பலகைக்கடைக்காரரின் கேள்வி வந்தபோது பேச்சை மாற்ற இடம் கிடைக்கவில்லை.

4

நான் இப்படி இருப்பதற்கு வாப்பாவையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம்.

யுத்த காலத்தில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதால் தாராபுரத்தை விட்டு நாங்கள் எல்லோரும் வெளிக்கிட வேண்டி வந்து, புத்தளம் பக்கம் கொட்டில் போட்டுக்கொண்டபோது எனக்குப் பதினைந்து வயது. கிடுகுச் சுவர், கிடுகுக் கூரை, மணல் நிலம். இரண்டு வருடத்தில் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக நிலத்துக்குச் சீமெந்து போட்டார்கள். வாப்பா போடவில்லை. "அடுத்த மாசம் ஊருக்குப் போற ஆக்களுக்கு என்னத்துக்குச் சீமெந்து?" என்பார். எல்லா மாதமும் அதையே சொன்னார். உம்மா பாயைத் தட்டித் தட்டியே களைத்துப்போனார். சோற்றில் மணல் இருந்தால் வாப்பா ஒன்றும் சொல்லாமல் மென்றுவிடுவார். புகார் சொல்லத் தனக்கு முகம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஏழாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து உம்மா மேசனைக் கூப்பிட்டார். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. வாப்பா திரும்பி வந்தபோது கொட்டில் முழுக்க ஈரச் சீமெந்து. உள்ளே போக வழியில்லை. அன்று முழுக்கவும் அடுத்த நாள் பகல் வரைக்கும் அவர் வேப்பமரத்தின் கீழ் கதிரையில் இருந்தார். நிஸ்தாரும் நானும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "மேசன் மட்டம் பாத்தவனா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஊருக்குப் போகக்கூடிய காலம் வந்தபோது நிஸ்தார் போய்விட்டான். நான் அதற்குள் இங்கே வந்துவிட்டேன். வாப்பா அந்தச் சீமெந்து நிலத்தில்தான் மவுத்தானார்.

5

பலகை போடுவதற்கு எங்கள் வரிசை வீடுகளின் நிர்வாகக் கந்தோரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்பது அடுத்த செய்தி. கார்பெட்டை எடுத்து மரம் போட்டால் சத்தம் கூடும், ஆகவே ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

படிவம் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. புத்தளத்தில் நாங்கள் இருந்த கொட்டில் வரிசை முழுவதற்கும் மனு எழுதியவன் நான். அரிசி வராததற்கு, குழாய்க் கிணறு இறுகியதற்கு, ஒருவருடைய பெயரில் எழுத்து மாறியதற்கு, எல்லாவற்றுக்கும் முழுநீளத் தாளில் ஆங்கிலத்தில் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில், "மிகவும் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்" என்று தொடங்கி, மூன்று பக்கத்தில் குழாய் வெடித்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினேன். முடிவில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று கையொப்பமும் வைத்தேன்.

ஸஹ்லா வாசித்துப் பார்த்தாள். "வாப்பா, யாருட ஊழியன்? அவங்களுக்கு நாங்கதான் சம்பளம் குடுக்கிறம்," என்றாள்.

கந்தோர்ப் பெண் மூன்று பக்கத்தையும் திருப்பித் தந்துவிட்டாள். பெட்டியில் ஒரு சரி அடையாளம் போதுமாம். ஆனால் பின்பக்கம் ஒரு பகுதி இருந்தது: கீழ்த்தளத்தில் வசிப்பவருக்கு ஆட்சேபனை உண்டா? எங்கள் வீட்டுக்குக் கீழே எங்கள் மகள்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். "அப்படியென்றால் மகளின் கையொப்பம்," என்றாள் அவள். படிவம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஸஹ்லாவிடம் நீட்டினேன். கையொப்பம் மட்டும் போட்டுத் தருவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் பேனாவை எடுத்து ஆறுதலாக எழுதினாள். ஆட்சேபனை உண்டு என்று ஒரு வரி. வேலைக்குப் போகும் தந்தை விடியற்காலையில் தொழுதுவிட்டுச் செருப்போடு சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே பதினான்கு தடவை நடக்கிறார் என்று இன்னொரு வரி. தடித்த பஞ்சு போட்டால் ஆட்சேபனை இல்லை என்று மூன்றாவது வரி. கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: கீழ்த்தளத்தில் வசிப்பவர் எதுவரை அங்கே இருப்பார்?

அதற்கு அவள் "ஆகஸ்ட்" என்று எழுதினாள்.

"ஆகஸ்ட் எண்டா?" என்றேன்.

"கல்கரில வேலை கிடைச்சிருக்கு, வாப்பா. இந்தக் கிழமை சொல்லலாம் எண்டுதான் இருந்தன்."

பர்வீன் கையில் கறிச் சட்டியோடு நின்றாள். கல்கரி விமானத்தில் நான்கு மணி நேரம். சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல வேலையா?" என்று கேட்டாள்.

"நல்ல வேலை, உம்மா."

"குளிருமே."

"இஞ்சயும் குளிருதுதானே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். மகள் வீட்டை விட்டுப் போகிறாள் என்பதை ஒரு தரைப் படிவத்தின் பின்பக்கத்தில் அறிந்துகொண்ட தகப்பன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படிவத்தை நான் அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அனுமதி கிடைத்தது.

6

ஆனால் உடனே பலகை போட முடியவில்லை. பிளைவூட் குடித்த தண்ணீர் இறங்க வேண்டும். கடையிலிருந்து ஒருவர் வந்து இரண்டு முள் உள்ள கருவி ஒன்றைத் தளத்தில் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கிழமை காயட்டும் என்று சொல்லிப் போனார். ஈரத் தளத்தின்மேல் பதித்தால் மேல் பலகையும் அந்த ஈரத்தைக் குடித்து வளைந்துவிடுமாம்.

அந்த இரண்டு கிழமையும் பிளைவூட்டின்மேல் குடித்தனம் நடத்தினோம். நடக்கும் இடமெல்லாம் கிறீச்சிட்டது. முன்பு போட்ட ஆணிகள் தளர்ந்திருந்தன. திருகாணி வாங்கி, சத்தம் வரும் இடத்தைக் காலால் தேடித் தேடி முடுக்கினேன். ஒரு மூலையை முடுக்கினால் அடுத்த மூலை பேசியது. கடைக்காரர் தொலைபேசியில் மூன்று தடவை எடுத்து, தடிப்பு முடிவாயிற்றா என்று மரியாதையாக விசாரித்தார். மூன்று தடவையும் ஆங்கிலத்தில் "பாப்பம்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பர்வீன் சமையலறையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். பிளைவூட் சிலாம்பு ஒன்று குதிக்காலில் ஏறிவிட்டது. ஊசியையும் என் வாசிப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் கதிரையில் இருந்து காலை என் மடியில் வைத்தாள். சிலாம்பு தோலுக்குள் தெரிந்தது, பிடிபடவில்லை.

"எவ்வளவு காலமா அஞ்சு வருசம் அஞ்சு வருசம் எண்டு சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள்.

"வந்ததில இருந்து."

"வந்து இருபது வருசம்."

நான் ஊசியில் கவனமாக இருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் ஊருக்குப் போக விருப்பம்தான்," என்றாள் அவள். "இல்லையெண்டு நினைக்காதீங்கோ. ஆனா எனக்குப் போய் வர விருப்பம். உங்களுக்குப் போக விருப்பம். போக விருப்பம் எண்டு சொல்லிச் சொல்லி நீங்கள் போய் வரவும் இல்ல. கடைசியாப் போய் ஒம்பது வருசம்."

உண்மைதான். போனால் முடித்துக்கொண்டே போக வேண்டும், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். ஹஸ்னாவை நான் கடைசியாகக் கண்டபோது அவள் ஓலெவல் பரீட்சை கூட எழுதவில்லை. இப்போது கல்யாணப் பெண். அவளுக்கு வீடு இல்லாததற்குக் காரணம், நான் குடியிருக்கப்போவதில்லை என்று எனக்கே தெரிந்த நான்கு அரைச் சுவர்கள். இதை இவ்வளவு நேராக நான் அதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"நாலு மில்லிமீட்டர் எடுப்பம்," என்றேன்.

பர்வீன் காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள். "முதல்ல சிலாம்ப எடுங்கோ," என்றாள்.

7

அடுத்த நாள் நிஸ்தார் கடை திறக்கும் நேரம் பார்த்து அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "காணிய ஹஸ்னாட பேருக்கு எழுதுவம். என்ன என்ன கடுதாசி வேணும் எண்டு கேட்டுச் சொல்லு," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவனுக்குப் பின்னால் யாரோ சீமெந்துப் பை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நிஸ்தார்?"

"இருக்கிறன், காக்கா. நீங்கள் அப்ப வர மாட்டீங்களா?"

நன்றி சொல்வான் என்று நினைத்திருந்தேன். ஒரு வருடமாக என் பதிலுக்காகக் காத்திருந்தவன், அந்தப் பதிலுக்குள் இதுவும் இருக்கிறது என்பதை என்னைவிட முந்தியே யோசித்திருக்கிறான்.

"வருவன். வந்து உங்களோட நிப்பன்," என்றேன். பேச்சைக் கொஞ்சம் லேசாக்க வேண்டும் போலிருந்தது. "அந்தக் கழுதையள இனியாவது கலைச்சு விடு. ஒம்பது வருசமா ஏன்டா விட்டு வச்ச?"

"கலைச்சுத் துப்புரவாக்கி வச்சா, நான் காணிக்கு ஆசைப்படுறன் எண்டு நீங்கள் நினைப்பீங்கள் எண்டு பயம், காக்கா. கழுதை நிண்டா ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்க."

இருவரும் சிரித்தோம். அவன் சிரித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். கடையில் தூசி என்றான்.

8

பலகைப் பெட்டிகள் வந்தன, பால்தேத்தண்ணி நிறத்தில். வந்தவுடன் பதிக்கக்கூடாதாம். வீட்டுக்குள் அடுக்கி வைத்து, எங்கள் வீட்டுச் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் பழக மூன்று நாள் விட வேண்டுமாம். நான் இந்த நாட்டில் இறங்கிய மறுநாள் காலை நான்கு மணிக்குப் பாண் தொழிற்சாலையில் நின்றேன். பலகைக்குக் கொடுத்த மூன்று நாளை எனக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் பலகை பதிக்க மனுவேல் வந்தார். அறுபது வயதிருக்கும், தனி ஆள். பெருங்கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு போர்த்துக்கேயத் தீவில் பிறந்தவர். ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது. முதல் பிரச்சினை கிப்லா, தொழும்போது நாங்கள் முகம் வைக்கும் மக்காத் திசை. எங்கள் வீட்டுச் சுவர்களுக்குக் கிப்லா மூலைப்பாடாகத்தான் வரும். பலகையைக் கிப்லாப் பக்கமாக ஓட்டினால் தொழுகைக்கு வரிசை தானாகவே தெரியும் என்பது பர்வீனின் நெடுநாள் ஆசை. மனுவேல் கேட்டுக்கொண்டு, பிளைவூட்டுக்குக் கீழே தாங்கும் மரங்கள் எப்படி ஓடுகின்றனவோ அதற்குக் குறுக்காகத்தான் பலகை ஓட வேண்டும், இல்லாவிட்டால் தொய்யும் என்று கைகளாலேயே விளக்கினார். பர்வீன் யோசித்துவிட்டு, "நிலம் நேர இருக்கட்டும். நாங்கள் திரும்பி நிண்டு தொழுவம்," என்று சம்மதித்தாள்.

வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், சுவரோரச் சட்டம் ஒன்று கழலாமல் நின்றது. மனுவேல் அதை முறைத்துப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அதற்குள் ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல்லாக விழுந்தது. நான் அவருடைய பெட்டிக்குள் கிடந்த, நெம்பி எடுக்கும் சின்ன அலவாங்கை எடுத்து நீட்டினேன்.

அவர் அலவாங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இதைத்தான் கேட்டேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் அலவாங்கு என்றீர்கள்."

"அலவாங்கா," என்று அவர் திருத்தினார். பிறகு சந்தேகமாக, பக்கத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டி, "கதெய்ரா," என்றார்.

"கதிரை."

"மேசா."

"மேசை."

அவர் எழுந்துவிட்டார். வீடு முழுக்க நடந்தோம். ஜன்னலுக்கு அவர் ஜனெலா என்றார். அலுமாரிக்கும் சாவிக்கும் எங்கள் சொல் அவருடைய சொல்லுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு மேலே வந்த ஸஹ்லா வாசலில் நின்று, "வாப்பா, நீங்க எப்ப போர்த்துக்கீஸ் படிச்ச?" என்று கேட்டாள்.

"நான் படிக்கேல்ல. பிறக்கும்போதே தெரியும்," என்றேன். இந்த நாட்டில் நான் அவ்வளவு பெருமையாகச் சொன்ன வசனம் வேறில்லை.

உன் ஆட்களுக்கு எங்கள் சொல் எப்படிக் கிடைத்தது என்று மனுவேல் கேட்டார். உங்கள் ஆட்கள் நானூறு வருடத்துக்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்து கோட்டை கட்டி, சண்டையும் போட்டார்கள் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"என்னைக் கேட்காதே. அப்போது நான் கனடாவுக்கு வந்துவிட்டேன்," என்றார்.

இரண்டரை நாளில் வேலை முடிந்தது. போகும்போது மனுவேல் பர்வீன் கொடுத்த வட்டிலப்பத்தை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்திருக்கிறது, என் காலத்துக்கு இது பேசாது என்று பலகையைக் காலால் தட்டிக் காட்டினார்.

9

பலகையோடு ஒரு தாள் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. ஈரத் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். சிந்தினால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். பர்வீன் அதைக் குளிர்ப்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, எதிரில் நின்று வாசித்தாள். கழுவாமல் ஒரு நிலத்தை எப்படி நம்புவது என்பது அவளுடைய கேள்வி. அதற்குத் தாளில் பதில் இல்லை.

அந்த நேரம்தான் ஹஸ்னா எடுத்தாள். நிஸ்தாரின் கைப்பேசி, ஆனால் அவள் முகம். பின்னால் மேசன்மார் நின்றார்கள். என் சுவர் என்னைக் கேளாமலே என் தலை உயரத்துக்கு எழும்பியிருந்தது.

"பெரியவாப்பா, முன் அறைய உங்களுக்கும் பெரியும்மாக்கும் எண்டு விட்டிருக்கம். நிலத்துக்கு என்ன போட எண்டு வாப்பா உங்களக் கேக்கச் சொன்னார். மாபிளா, சிவப்புச் சீமெந்தா?"

ஒன்றரை மாதமாக நிலங்களைப் பற்றி நான் கற்றது கொஞ்சம் அல்ல. தடிப்பு, ஈரம், சூடு, எல்லாவற்றையும் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பர்வீன் கைப்பேசியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சீமெந்து போடு, மகள். வாளியால அள்ளி ஊத்திக் கழுவுறதா இருக்கோணும். நான் வந்து கழுவுறன்."

"எப்ப வாறீங்கள், பெரியும்மா?"

"உன்ட கலியாணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி."

அன்று மாலையே டிக்கெட் போட மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்களுடையது டொரோண்டோவிலிருந்து, ஸஹ்லாவுடையது கல்கரியிலிருந்து. போகும் நாளைப் போட்டோம். திரும்பும் நாள் என்ற கட்டம் வந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் நான் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போவேன், பிறகு பார்க்கலாம் என்று கணினியை மூடிவிடுவேன். ஸஹ்லா கைகளை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டாம் திகதி," என்றேன். அவள் போட்டாள்.